என் மூளைக்கு நான் பொறுப்பல்ல

அவளுக்கு மருந்தக்கா என்று பெயர் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருந்து என்றால் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து அல்ல. கரப்பான், எறும்பு, கரையான், மூட்டைப்பூச்சி என்று சொல்லாமல் கொள்ளாமல் குடிவந்தவற்றைக் கூண்டோடு ஒழிக்கிற மருந்து. முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகப் போய் அடித்துவிட்டு வருவாள். இது தெரியாமல் அவள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த ஒருத்தி, பெயரை மட்டும் கேள்விப்பட்டு, காய்ச்சலில் துவண்டு கிடந்த மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதவைத் தட்டிவிட்டாள். மருந்தக்கா அந்த மனிதரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மருந்து எதுவும் இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வழி காட்டினாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததும் தற்செயல்தான். முதலில் ஒரு அச்சகக் கிடங்கில் காகிதக் கட்டுகளை அடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே மருந்து அடிக்க வந்த கிழட்டு முதலாளி சுவரையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தபோது, "அங்க இல்லைங்க, அந்த மூணாவது அலமாரிக்குப் பின்னாடி, ஈரம் காயாத பக்கம்" என்று இவள் போகிற போக்கில் சொன்னாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள். கரையான் ஊரே அங்கேதான் இருந்தது. மறுநாளே முதலாளி அவளைத் தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். கம்பெனி என்றால் முதலாளி, ஒரு வண்டி, இவள். முதலாளி காலமான பிறகு அவருடைய மகன் முதலாளி ஆனான். அவன் இவளை அக்கா என்பான், இவள் அவனைத் தம்பி என்பாள். யார் யாருக்கு முதலாளி என்பது வெளியாட்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

அவளிடம் இருந்த வித்தை ஒன்றுதான். ஒரு சமையலறைக்குள் நுழைந்து, எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் நிற்பாள். பிறகு விரலை நீட்டுவாள். குளிர்பெட்டியின் மோட்டாருக்கு அடியில், தொட்டிக் குழாயின் கழுத்தில், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், அதுங்க பக்கம் நின்று யோசிக்க வேண்டும் என்பாள். எங்கே சூடு, எங்கே ஈரம், எங்கே ஆள் கை போகாது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் துணி திருத்தும் டெய்லர். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, நீளமானதைக் குட்டையாக்கியும் இறுக்கமானதைத் தளர்த்தியும் பிழைத்தார். பக்திமான். காலையில் மெஷினில் கால் வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கண்ணை மூடுவார். வாரம் தவறாமல் வழிபாட்டுக் கூடத்துக்குப் போவார். மருந்தக்கா போகமாட்டாள். நேரமில்லை என்று சொல்லிவந்தாலும் உண்மையில் நம்பிக்கை இல்லை. கண்ணால் பார்த்தால் ஒழிய எதையும் நம்புவதில்லை என்பது அவள் கட்சி. இதனால் வீட்டில் சண்டை சச்சரவு வந்ததில்லை. அவர் பாட்டுக்கு நம்பினார். இவள் பாட்டுக்கு மருந்து அடித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேக்கரிக்காரர் கூப்பிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவருடைய கடையில் மருந்தக்கா பசை வைத்திருந்தாள். குளுக்கோஸில் விஷத்தைக் குழைத்த பசை. பொட்டுப் பொட்டாக மூலைகளில் வைத்துவிட்டால் கரப்பான்கள் தேடிவந்து தின்றுவிட்டுப் போய்ச் சாகும். பதினைந்து வருடமாக ஒருமுறைகூட ஏமாற்றாத பசை. ஆனால் பேக்கரிக்காரர், முன்பைவிட இப்போது அதிகமாக இருக்கின்றன, பசை வைத்தது அவற்றுக்குத் தெம்பாகிவிட்டதோ என்று கேட்டார்.

மருந்தக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் மத்தியானம் பேக்கரியின் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சம் கரப்பான் கண்ணுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் ஒன்று வந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு நேராகப் பசையிடம் போனது. வாயை வைத்தது. வைத்த மாத்திரத்தில் நெருப்பைத் தொட்டதுபோலப் பின்னால் துள்ளி, வாயைக் காலால் துடைத்துக்கொண்டு ஓடிப்போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று வந்தன. ஒன்றுகூடத் தின்னவில்லை. பக்கத்தில் சிந்தியிருந்த வெண்ணெயை மட்டும் பொறுமையாக நக்கிவிட்டுப் போயின.

பசை தயாரிக்கிற இடத்திலிருந்து விளக்கம் சொல்ல ஒருவர் வந்தார். இளைத்த உடம்பு, சட்டைப்பையில் மூன்று பேனா. கரப்பான்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றார் அவர். எங்கேயோ சில கரப்பான்களுக்குப் பிறவியிலேயே நாக்கு கோளாறு. குளுக்கோஸ் அவற்றுக்குக் கசக்கும். முன்பெல்லாம் அது குறை. பசை வந்தபிறகு அதுவே வரம். நாக்கு நன்றாக இருந்தவை எல்லாம் ஆசையாகத் தின்று செத்தன. நாக்கு கெட்டவை மட்டும் மிஞ்சி, முட்டையிட்டுப் பெருகின. இப்போது இந்தக் கடை முழுக்க அவற்றின் வம்சம்தான். இயற்கை இப்படித்தான் சலித்து எடுக்கும் என்று சொல்லி, மூன்று பேனாவில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் அம்புக்குறியெல்லாம் போட்டுக் காட்டினார்.

பேக்கரிக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. தன் கடை இனிப்பைக் கசப்பு என்று சொல்லும் ஜந்துக்கள் தன் கடையிலேயே வாடகை இல்லாமல் குடியிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மருந்தக்காவுக்கு வேறு இடத்தில் முள் தைத்தது. வண்டியில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். இனிப்பை இனிப்பு என்று உள்ளபடி சொன்ன நாக்குகள் செத்துப்போயின. பொய் சொன்ன நாக்கு பிழைத்துக்கொண்டது. ஆக, பிழைப்பதற்கு உண்மை தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சரியான சமயத்தில் சரியான பக்கம் ஓடினால் போதும், மண்டைக்குள் என்ன தப்பை நினைத்துக்கொண்டு ஓடினாலும் சரி. இதுவரை கரப்பான் விஷயம். அடுத்த சிக்னலில் வண்டி நின்றபோது தன் விஷயம் வந்தது. நானும் எவரோ பிழைத்தவர்களின் பேத்திக்குப் பேத்திதானே. என் மூளையும் அப்படிச் சலித்து எடுத்ததுதானே. அப்படியானால் இது எனக்கு உண்மையைச் சொல்கிறதா, இல்லை, ஓடுவதற்குத் தோதாக எதையாவது சொல்கிறதா? பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சைதானா என்று அவள் ஒரு கணம் தயங்கினாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் சட்டென்று சொல்வதை நிறுத்திக்கொண்டாள். மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறுன்னு தோணுது" என்பாள். மழை வருமா என்று கேட்டால், வரும் என்று நினைத்தவர்கள்தான் குடை எடுத்துப்போய் நனையாமல் பிழைத்திருப்பார்கள், அதனால் வரும் என்றே தனக்கும் தோன்றும், அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை என்பாள். கேட்டவர்கள் அதற்குள் பாதி தூரம் போயிருப்பார்கள்.

ஒருநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே வீட்டுக்காரரை நெடுநேரம் பார்த்தாள். என்ன என்று கேட்டார்.

"நீங்க ரொம்ப நல்லவர்னு எனக்கு எப்பவும் ஒரு எண்ணம்ங்க."

டெய்லர் சந்தோஷத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த எண்ணம் எனக்கு எப்படி வந்துதுன்னு யோசிக்கிறேன். புருஷன் நல்லவன்னு நெனச்ச பொம்பளைங்கதான் வீட்டுல இருந்து பிள்ளைங்கள வளர்த்திருப்பாங்க. அந்த பிள்ளைங்கதான் நாமெல்லாம். அதனால நீங்க எப்படி இருந்தாலும் எனக்கு நல்லவராத்தான் தெரியும்."

"அப்ப நான் நல்லவன் இல்லையா?"

"நல்லவர்னுதாங்க தோணுது. தோணறதுதான் சிக்கல்."

அவர் அன்று ஒரு பேன்ட்டை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. மூளையைக் கடவுள் அல்லவா கொடுத்தார், அவர் கொடுத்தது எப்படிப் பொய் சொல்லும், நீ நம்பாததால்தான் இந்தக் குடைச்சல் என்றார். மருந்தக்கா அதை மறுக்கவில்லை. அந்தக் கரப்பானின் நாக்கை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டாள்.

டெய்லர் அந்தக் கேள்வியோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினார். மறுநாள், கடவுள் அவற்றுக்கும் இரக்கம் காட்டியிருக்கிறார் என்று முடிவு சொன்னார். "அப்படின்னா நான் யாருக்கு எதிரா மருந்து அடிச்சிட்டிருக்கேன்" என்று அவள் கேட்டதும் விஷயம் கைமீறிவிட்டது என்று கண்டு, வழிபாட்டுக் கூடத் தலைவரிடம் போய் முறையிட்டார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். எல்லா உயிர்களுக்காகவும் ஒரு வாரம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கூடத்துச் சமையலறையிலும் தொல்லை அதிகமாகிவிட்டது, உங்கள் சம்சாரத்தைத் திங்கட்கிழமை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் மருந்தக்கா வேலையை விட்டுவிடவில்லை. பேக்கரிக் கரப்பான்கள் பன்னிரண்டைப் பாட்டிலில் பிடித்துவந்து, மாடிப்படிக்கு அடியில் வைத்து, தினமும் ஒரு தீனி போட்டுப் பார்த்தாள். ரொட்டித் துண்டு, கருவாட்டுத் தூள், பால் ஆடை, அட்டைப்பெட்டி ஒட்டும் பசை. கடைசியில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை வெண்ணெயில் பிசைந்து வைத்தபோது பன்னிரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அதில் போரிக் பவுடரைக் கலந்து உருண்டை பிடித்து பேக்கரியில் வைத்தாள். பத்தே நாளில் கடை துடைத்துவிட்ட மாதிரி ஆனது.

முதலாளித் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு கரப்பானோடு குடித்தனம் நடத்தி அக்காவின் மூளை கண்டுபிடித்த மருந்து. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"பாத்தீங்களாக்கா, வேலை செஞ்சிடுச்சு. உங்க மூளை நல்லாத்தான் இருக்கு."

"அந்தக் கரப்பானோட நாக்கும்தான் வேலை செஞ்சுது தம்பி. அது நல்லாவா இருந்துது?"

தம்பி வண்டிச் சாவியை எடுத்துச் சுழற்றினான். பிறகு, பேக்கரிக்காரருக்கு உரிமம் புதுப்பிக்கச் சான்றிதழ் வேண்டுமாம், கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவினான்.

அந்தச் சான்றிதழ்தான் எல்லாவற்றையும் சந்திக்கு இழுத்தது. அச்சடித்த காகிதம், 'மேற்கண்ட இடத்தை நேரில் பரிசோதித்தேன். பூச்சிகள் எவையும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று இருக்கும். கீழே கையெழுத்து. இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கில் போட்டவள். இம்முறை பேனா ஓடவில்லை. உறுதி என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது. பூச்சி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிவது என்ற காரியத்தைச் செய்கிற சாமான் எந்தக் கடையில் வாங்கியது என்பதுதான் இப்போது கேள்வி. யோசித்து யோசித்து, கையெழுத்துக்கு மேலே மணி மணியான எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'இது என் மூளைக்குத் தெரிந்தவரை. என் மூளைக்கு நான் பொறுப்பல்ல.'

பேக்கரிக்காரர் படிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் படித்தார். நான்காம் நாள் மருந்தக்காவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

ஆய்வாளரின் அறையில் ஒரு இரும்பு அலமாரி, கோப்புகள் சரிந்துவிழாமல் இருக்க முட்டுக்கொடுத்த நாற்காலி, எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. ஆய்வாளர் ஐம்பத்தைந்து வயது மனிதர். எதையும் அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் ஏற்பவர், கடவுள் உட்பட. கடவுள் இன்னும் பொருந்தவில்லை. வாசகத்துக்கு விளக்கம் கேட்டார். மருந்தக்கா சாமான் அறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க மூளைக்கு நீங்க பொறுப்பில்லைன்னா வேற யாரும்மா பொறுப்பு?"

"அதைத்தான் சார் நானும் தேடிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ஒரு பேர் சொல்றாரு. பசைக் கம்பெனிக்காரர் ஒரு பேர் சொல்றாரு."

"சரி. ரோட்ல பஸ் வருது. ஒதுங்குவீங்களா, மாட்டீங்களா?"

"ஒதுங்குவேன் சார்."

"அப்ப மூளை உண்மையைத்தானே சொல்லுது."

"லைட்டைப் போட்டா கரப்பானும் ஒதுங்குது சார். லைட்டைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

குமாஸ்தா இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. மூளையை நம்ப முடியாது என்று சொல்கிறீர்களே, அந்தச் சந்தேகமும் அதே மூளையில்தானே வந்தது, அதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி என்று மருந்தக்கா ஒத்துக்கொண்டாள். சான்றிதழை வாங்கி, இன்னொரு வரி சேர்த்துக் கொடுத்தாள்: 'மேற்படி சந்தேகமும் அதே மூளையில் தோன்றியதே.'

இதற்குமேல் ஆய்வாளருக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதைத் தவிர வழியில்லை. பூச்சி இல்லை என்ற வாசகம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது, இருந்தது. கூடுதல் வாசகம் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சான்றிதழைத் திருப்பி அனுப்புவதானால் காரணம் எழுத வேண்டும். இந்த அம்மாளின் மூளை நம்பத்தக்கதே என்று எழுதலாம். ஆனால் அதற்குச் சான்று தர அந்த அலுவலகத்தில் படிவம் எதுவும் கிடையாது. மாலை நான்கரை மணிக்கு அவர் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அவள் எழுந்தபோது, இதையெல்லாம் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். பேக்கரியில் என்றாள்.

முத்திரை விழுந்துவிட்டதால் அந்த வாசகம் எல்லாச் சான்றிதழிலும் நிலைத்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று முதலாளித் தம்பி பயந்தான். நடந்தது வேறு. வழிபாட்டுக் கூடத் தலைவர் தங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார்; மனித அறிவு எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு பூச்சிமருந்துக்காரியே சாட்சி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எதிர்ச்சாரியில் இருந்த அறிவியல் மன்றத்தார் இதைப் பார்த்துவிட்டு, தங்கள் இடத்தையும் பரிசோதிக்கச் சொல்லி, அதே சான்றிதழை அதே அளவு சட்டத்தில் மாட்டினார்கள். மூளையும் இயற்கை சலித்து எடுத்ததுதான், வானத்திலிருந்து வந்ததல்ல என்பதற்கு அத்தாட்சி என்று கீழே குறிப்பும் எழுதி வைத்தார்கள். மன்றத்தில் எறும்புகூடக் கிடையாது. மருந்தக்கா அதையும் தன் மூளைக்குத் தெரிந்தவரை என்றே எழுதிக்கொடுத்திருந்தாள்.

வீட்டில் டெய்லர் ஒருநாள் நூலைக் கோர்த்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, மூளையை நம்ப முடியாது என்றால் கடவுள் இல்லை என்று அது சொன்னதையும் நம்பக்கூடாதுதானே என்று கேட்டார். இது அவராக யோசித்துக் கேட்டது. தலைவரிடம் போய் வாங்கி வந்தது அல்ல. மருந்தக்கா அன்று முழுவதும் அதைப் போட்டுப் புரட்டினாள். அவர் சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. ஓட்டை தெரியாதது அவர் பேச்சு சரியாக இருந்ததாலா, பல வருடம் கூட வாழ்ந்ததாலா என்பதும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வாரம் கூடத்துக்கு வருவதாகவும் ஒரு வாரம் வீட்டில் இருப்பதாகவும் ஏற்பாடு செய்துகொண்டாள். டெய்லருக்கு அதுவே பெரிய காரியம். அவள் வருகிற வாரத்தில் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொள்வார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று முதல் வாரம் ஆசையாகக் கேட்டார்.

"இருந்தா கேட்டுக்குங்க, இல்லாட்டி விட்டுடுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் தனியாக வீட்டுக்கு வந்தார். டெய்லர், அளவெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாடாவை எடுத்துவிட்டார். ஆய்வாளர் உட்காராமல் நின்றார். அவருக்கு ஒரு அண்ணன். நிலம் அளக்கும் உத்தியோகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர், ஆய்வாளர் வீட்டில்தான் இருக்கிறார். எட்டு மாதமாக அவர் கண்ணுக்குச் சுவரெல்லாம் பூச்சி தெரிகிறது. கட்டிலில் படுப்பதில்லை, அறை நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வைத்தியம் நடக்கிறது, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், பூச்சியும் தவறாமல் வருகிறது. ஆய்வாளர் பூதக்கண்ணாடி காட்டினார், படம் எடுத்துக் காட்டினார், ஒவ்வொரு காரணமாக எடுத்து வாதாடிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

"நீங்க வந்து ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. தொழில் தெரிஞ்சவங்க கையெழுத்துன்னா அண்ணன் மதிப்பார். மூளை கீளைன்னு மட்டும் எதுவும் சேர்க்காதீங்கம்மா."

அவர் குரலில் அலுவலகம் இல்லை. மருந்தக்கா டப்பாவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், உட்காரும் முன் நாற்காலியில் இருந்தவற்றைத் துண்டால் தட்டிவிட்டார். மேசைமேல் கட்டம் போட்ட காகிதத்தில் அந்த அறையின் வரைபடம். வாசல், ஜன்னல், அலமாரி எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. அதில் பத்தொன்பது சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் எண். பதினாலாம் எண் ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையிலிருந்து இரண்டடி மூன்று அங்குலம். அதற்குச் சற்று மேலே பதினைந்து. அது நேற்று வரை கதவுப் பக்கம் இருந்ததாம்.

மருந்தக்கா டார்ச்சை எடுத்தாள். இரண்டு மணி நேரம் பார்த்தாள். கட்டிலைப் புரட்டினாள், அலமாரியை நகர்த்தினாள், சுவர் வெடிப்பில் கம்பி விட்டுக் கிளறினாள். எச்சம் இல்லை, உரித்த தோல் இல்லை, அந்த வாடையும் இல்லை. இவ்வளவு சுத்தமான அறையை அவள் தன் தொழிலில் பார்த்ததில்லை. பதினாலாம் எண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சுவர்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியலை, இல்லையா?" என்றார் அண்ணன்.

"தெரியலைங்க ஐயா."

"தம்பிக்கும் தெரியலை. டாக்டருக்கும் தெரியலை. மெஜாரிட்டி உங்க பக்கம்."

"மெஜாரிட்டி எல்லாம் ஒரே பட்டறையில செஞ்ச மூளைங்க ஐயா. அதை வெச்சு ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அண்ணன் சிரித்தார். வாசலில் நின்ற ஆய்வாளர் திடுக்கிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எல்லோரும் இல்லை என்கிறார்கள் என்பது தனக்கும் தெரியும் என்றார். தானும் யோசிக்கத் தெரிந்தவன்தான். ஆனால் கண்ணில் படுவதை விட்டுவிட்டு எதை அளப்பது? முப்பது வருடம் கண்ணில் பட்டதைத்தான் அளந்தேன், அதை வைத்துத்தான் ஊரில் வேலி போட்டுக்கொண்டார்கள் என்றார்.

மருந்தக்கா அவரை ஏமாற்ற விரும்பவில்லை. இல்லாத இடத்தில் விஷம் அடிப்பதும் அவளுக்கு வழக்கமில்லை. டப்பாவில் இருந்ததை வெளிக் குழாயடியில் பத்திரமாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவை நாலு தடவை கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது வெறும் தண்ணிங்க ஐயா. அடிக்கட்டுமா?"

அண்ணன் வரைபடத்தைப் பார்த்து யோசித்தார். "தண்ணி போதும். இதுங்களுக்குத் தண்ணி ஆகாது."

அவர் எண்ணைப் படித்தார், அவள் அடித்தாள். அடித்ததும் அவர் உற்றுப் பார்த்துவிட்டுப் புள்ளியின்மேல் கோடு போட்டார், அல்லது உதட்டைப் பிதுக்கினார். ஒரு மணி நேரத்தில் பதினொன்று ஒழிந்தது. எட்டு அசைந்துகொடுக்கவில்லை. பிறகு சான்றிதழ் எழுத உட்கார்ந்தாள். ஆய்வாளர் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவள் மூளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, கேட்டுக்கொண்டதை மதித்தாள். 'இன்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஐயாவின் கண்ணில் எட்டு மிச்சம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அண்ணனிடம் நீட்டினாள். அவரும் போட்டார், பெயருக்குக் கீழே தன் பழைய பதவியையும் எழுதி.

ஆய்வாளர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். கேட்டது இதுவல்ல. கோபப்படுவார் என்று மருந்தக்கா டப்பாவின் வாரைத் தோளில் இறுக்கிக்கொண்டாள். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த எட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். எட்டு சில வாரம் மூன்றாகும், சில வாரம் பதினாறாகும். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். தண்ணீர் அடிப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் கட்டிலைச் சுற்றி நான்கடிக்கு எதுவும் வருவதில்லை என்று அண்ணன் வரைபடத்தில் ஒரு எல்லைக்கோடு போட்டார். அன்றிலிருந்து கட்டிலில் படுத்துத் தூங்குகிறார்.

போன ஞாயிறு மருந்தக்கா போனபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஆய்வாளர் ஏணிமேல் நின்று அளவு நாடாவின் ஒரு முனையைக் கூரையில் அண்ணன் காட்டிய இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனை கீழே, ஜன்னல் சட்டத்தை ஒட்டி, அண்ணன் கையில். நான்கடி ஐந்து என்று அண்ணன் சொல்ல, இல்லை, நான்கடி நாலேகால்தான் வருகிறது, நாடாவை இழுத்துப் பிடியுங்கள் என்று ஆய்வாளர் சொல்ல, இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மருந்தக்கா டப்பாவை இறக்கிவைத்துவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.